எதுவும் ஒதுங்காத நாளின் குறிப்பு

கடற்கரையைக் கண்காணிக்கும் தன்னார்வலர் வேலைக்கு ஆசையோடு வருகிறவர்களில் பலர் சீக்கிரமே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. இருட்டு பிரியும் முன்பே எழுந்து வருவார்கள், வெயிலைப் பொறுத்துக்கொள்வார்கள், அழுகிய மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். அவர்களைச் சோர வைப்பது வேறு. ஆமை கரையேறுவதைப் பார்க்கலாம், ஒதுங்கிய டால்பினைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தோடு வந்திருப்பார்கள். இங்கே பார்த்தால் வாரக்கணக்கில் மணலும் பாசியும் அறுந்த வலைக்கயிறும்தான். ‘இன்றைக்கும் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, படிவத்தை நிரப்பாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பார்த்தால்தானே எழுதுவதற்கு என்று நினைக்கிறார்கள்.

அப்படி நிரப்பாமல் விட்ட படிவங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இந்த வேலையில் நெடுநாளாக இருந்துவரும் எனக்கு மிகவும் மனம் வருந்தும் இழப்பு அதுதான்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் ஒரு துண்டு நம் பொறுப்பு. ஒரு கிலோமீட்டர் இருக்கலாம், கூடக் குறைய இருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறையோ, பருவத்தைப் பொறுத்து அதைவிட அடிக்கடியோ அதே துண்டை, அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடித்து நடக்க வேண்டும். கரை ஒதுங்கிய பறவைகள், ஆமைகள், பாலூட்டிகள், ஜெல்லிமீன்கள், உயிரோடு இரை பொறுக்கும் கரைப்பறவைகள், குப்பை, எண்ணெய்க் கட்டிகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கூடவே காற்றின் திசை, அலையின் போக்கு, ஏற்றமா வற்றமா, மணல் எவ்வளவு அரித்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குழுவும் எல்லாவற்றையும் செய்வதில்லை. சிலர் பறவைகளை மட்டும் பார்ப்பார்கள், சிலர் ஆமைத் தடங்களை மட்டும். ஆனால் எந்தப் படிவத்தை எடுத்தாலும் மேலே சில கட்டங்கள் இருக்கும்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் நடந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் இந்தக் கட்டங்களை அலுவலகச் சடங்கு மாதிரி நினைத்து அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் கீழே எழுதும் எண்களுக்குப் பொருள் கொடுப்பவை இவைதான்.

ஒரு மாதத்தில் 10 இறந்த பறவைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அது அதிகமா குறைவா? ஒருவர் ஒருமுறை நடந்து கண்டது 10 என்றால் ஒரு பொருள். நான்கு பேர் வாரம் மூன்று நாள் நடந்து கண்டது 10 என்றால் முற்றிலும் வேறு பொருள். போன ஆண்டு இதே மாதத்தில் யாருமே போகவில்லை என்றால் ஒப்பிடவே முடியாது. போன ஆண்டு போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் எழுதவில்லை என்றால்? அதுவும் யாரும் போகாததற்குச் சமமாகிவிடுகிறது. தாளில் வெற்றிடம் இருந்தால் பின்னால் படிக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘0’ என்று எழுதியிருந்தால்தான் ஒரு மனிதர் அங்கே இருந்தார், தேடினார், இல்லை என்று உறுதி செய்தார் என்பது தெரியும்.

பறவை நோக்கர்களுக்கு இது பழகிய விஷயம். பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிவு செய்யும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பட்டியல் ஏற்றும்போது, நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் அது முழுமையான பட்டியல். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு அங்கே கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். அபூர்வமானதை மட்டும் எழுதுகிறவர்களின் குறிப்புகள் படிக்கச் சுவையாக இருக்கும். அவற்றை வைத்து ஓர் இனம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வது மட்டும் கடினம்.

கரை ஒதுங்கிய பறவைகளின் கதைக்கு வருகிறேன், என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியது. 30,000-க்கும் அதிகமான பறவைகளின் உடல்கள் கரைகளில் கிடைத்தன. கடலில் இறந்தவை அதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இப்படி ஒரு பேரிடர் நடக்கும்போது முதலில் எழும் கேள்வி, வழக்கமாக இந்தக் கரைகளில் எத்தனை பறவைகள் ஒதுங்கும் என்பதுதான். கடலில் பறவைகள் எப்போதும் இறந்துகொண்டுதான் இருக்கின்றன. புயலில், பட்டினியில், நோயில், முதுமையில். அந்த வழக்கமான சாவைக் கழித்தால்தான் எண்ணெயால் வந்த சாவு எவ்வளவு என்று தெரியும். பேரிடர் நடந்த பிறகு முந்தைய ஆண்டுகளுக்குப் போய் எண்ணிவிட்டு வர முடியாது.

1990களின் இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியா பாரிஷ் தொடங்கிய கோஸ்ட் என்ற திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் பிறந்தது. கரையோரம் வசிக்கும் சாதாரண மக்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, மாதாமாதம் தங்கள் துண்டை நடந்து, இறந்த பறவைகளை அளந்து எழுதுகிறார்கள். அலகின் நீளம், மடங்கிய இறக்கையின் நீளம், காலெலும்பின் நீளம், கால்விரல்கள் எப்படிச் சவ்வால் இணைந்திருக்கின்றன என்பது. இறகெல்லாம் உதிர்ந்து, தலை போய், ஒரு காலும் ஒரு இறக்கையும் மட்டும் மிஞ்சியிருந்தாலும் பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். அளந்து முடித்ததும் நிறம் நிறமான பிளாஸ்டிக் கட்டுகளை இறக்கை எலும்பில் மாட்டிவிட்டு, உடலை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது அது கிடந்தால் புதியதென்று எண்ணாமல் இருக்கவும், ஓர் உடல் கரையில் எத்தனை நாள் தங்குகிறது என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்த அடையாளம்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் அதன் கவனம் புரியும். கையுறை போட்டு, பறவையை மல்லாத்தி, முதலில் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, மணிக்கட்டு மூட்டிலிருந்து மிக நீண்ட இறகின் நுனி வரை அளக்க வேண்டும். ஈரத்தில் இறகுகள் ஒட்டிக்கொண்டு நுனி எது என்று தெரியாது, விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சதை இருக்கிறதா, கத்தி முனைபோல எலும்பு மட்டும் நிற்கிறதா என்று தெரியும். எலும்பு மட்டும் தட்டுப்பட்டால் அது நெடுநாள் பட்டினி கிடந்த பறவை. அலகின் உள்ளே மணல் அடைத்திருக்கும். கால்சவ்வில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். ஒருமுறை வழியில் நின்று பார்த்த ஓர் அம்மா, “செத்துப்போனதை அளந்து என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. உயிரோடு நடுக்கடலில் இருக்கும் பறவையை நாம் அணுகவே முடியாது. அதன் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சில சான்றுகளில் இந்த உடல் ஒன்று என்று சொன்னேன். அவர் குனிந்து, அந்தக் கால்சவ்வை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

(இங்கே ஓர் எச்சரிக்கை. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகை அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் காட்டுப் பறவைகளிடையே பரவியிருக்கிறது. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 17,000-க்கும் மேற்பட்ட யானைச் சீல் குட்டிகள் அதனால் மாண்டன. பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் இல்லாமல் இறந்த பறவையையோ விலங்கையோ தொடாதீர்கள். பல குழுக்கள் நோய் பரவும் காலத்தில் தொடுவதையே நிறுத்திவிட்டுப் படம் மட்டும் எடுக்கச் சொல்கின்றன. அதைக் கேட்டு நடப்பதுதான் சரி.)

சரி, இத்தனை பொறுமைக்கு என்ன பலன்? 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை சுமார் 62,000 முர் பறவைகள் இறந்தும் இறக்கும் தறுவாயிலும் கரை ஒதுங்கின. முர் என்பது கறுப்பு வெள்ளை உடல்கொண்ட, ஆழமாக மூழ்கி மீன் பிடிக்கும் கடற்பறவை. கிடைத்தவற்றில் முக்கால் பங்கு அலாஸ்கா வளைகுடாவில். பெரும்பாலானவை எலும்பும் தோலுமாக இருந்தன. பட்டினியைத் தவிர வேறு காரணத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. கடலில் இறப்பவற்றில் ஒரு சிறு பகுதிதான் கரைக்கு வரும் என்பதால் மொத்தச் சாவு 10 லட்சத்தை நெருங்கும் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அப்போது வடகிழக்குப் பசிபிக்கில் நீண்டு நின்ற கடல் வெப்ப அலைதான் இதன் பின்னணி. நீர் சூடானது, இரைமீன்கள் குறைந்தன, இருப்பவற்றுக்கும் போட்டி கூடியது. 2024-இல் அலாஸ்காவின் முர் குடியிருப்புகளை எண்ணிப் பார்த்தவர்கள் இழப்பு 40 லட்சம் என்றார்கள். அங்கிருந்த முர்களில் ஏறக்குறையப் பாதி அது.

இது அசாதாரணம் என்று எப்படித் தெரிந்தது? 62,000 என்ற எண்ணே மிரட்டுகிறது, ஒப்பிட எதற்கு என்று தோன்றலாம். ஆனால் முதல் வாரங்களில் 62,000 இருக்கவில்லை. ஒரு கரையில் 4, இன்னொன்றில் 7 என்றுதான் தொடங்கியிருக்கும். அந்தக் கரைகளில் அதே மாதத்தில் வழக்கமாக 0 அல்லது 1 என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தவர்கள் இருந்தால்தான் 4 என்பது ஒரு செய்தியாகும். பேரிழப்பின் அளவைப் பின்னால் வந்து யாரும் எண்ணிச் சொல்லலாம். அதன் தொடக்கத்தைச் சொல்ல, முன்பே அங்கே நடந்தவர்களால்தான் முடியும்.

வட கடலில் இதே பறவை இனம் வேறொரு வேலை செய்தது. கப்பல்கள் கழிவு எண்ணெயைக் கடலில் கொட்டும் வழக்கம் குறைகிறதா என்று பார்க்க, கரை ஒதுங்கும் முர்களில் எத்தனை சதவீதத்தின் இறகில் எண்ணெய் இருக்கிறது என்பதை அங்குள்ள நாடுகள் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. பல பத்தாண்டுகளில் அந்தச் சதவீதம் இறங்கி வந்திருக்கிறது. சதவீதம் என்றால் கீழே வகுக்க ஓர் எண் வேண்டும். எண்ணெய் படாத சுத்தமான பறவைகளையும் அதே சிரத்தையோடு எழுதி வைத்தவர்களிடமிருந்துதான் அந்த எண் வந்தது. ஃபுல்மர் என்ற இன்னொரு கடற்பறவையின் வயிற்றிலும் இப்படித்தான். 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கும் ஃபுல்மர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது, வடகிழக்கு அட்லாண்டிக் கடலைப் பாதுகாக்க ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஆஸ்பார் உடன்படிக்கையின் இலக்கு. வயிறு காலியாக இருந்த பறவையும் அந்தக் கணக்கில் ஒன்று.

ஆமைகள் விஷயத்தில் இந்த ‘இல்லை’ இன்னும் நுட்பமானது. விடியலில் நடந்தால், இரவில் ஏறிய ஆமையின் தடம் மணலில் தெளிவாகத் தெரியும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகரும். அதனால் இடது வலது குறிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழும். பச்சை ஆமையும் பெருந்தோணி ஆமையும் இரண்டு முன்துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றி எம்பும், குறிகள் நேருக்கு நேராக இருக்கும். மேலே ஏறிய தடம், இறங்கிய தடம் இரண்டையும் பிரித்தறிய, துடுப்பு மணலை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகரும்போது மணல் பின்னால்தான் தள்ளப்படும். ஒரு தடம் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் மேலே இருப்பது திரும்பிப் போன தடம்.

தடத்தின் உச்சியில் மணல் கிளறி வீசப்பட்டு, அகலமான பள்ளம் இருந்தால் முட்டையிட்டிருக்க வாய்ப்பு உண்டு. பல நேரம் அப்படி இருக்காது. ஆமை ஏறி, ஓரிடத்தில் நின்று, பாதி தோண்டியோ தோண்டாமலோ திரும்பிப் போயிருக்கும். முட்டை தேடி வந்த தன்னார்வலருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் அந்த வெறுந்தடத்தையும் எழுத வேண்டும், எங்கே திரும்பியது, எதன் எதிரில் திரும்பியது என்பதோடு சேர்த்து. வேர் இருந்ததா, கல் இருந்ததா, புதிதாகப் போட்ட விளக்கின் வெளிச்சம் அங்கே விழுகிறதா? ஒரே இடத்தில் வெறுந்தடங்கள் கூடிக்கொண்டே போனால் அந்த இடத்தில் ஏதோ அவற்றைத் தடுக்கிறது. கூடுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அங்கே ஆமைகள் வருவதே இல்லை என்று நினைத்துவிடுவோம். வந்தன, திரும்பிப் போயின என்பதை வெறுந்தடம்தான் சொல்லும். விளக்கைத் திருப்பி வைக்கச் சொல்லி யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் கையில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்போதும் இதே விளக்குதான் எதிரி. அவை வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் ஓடும், அது கடலா தெருவா என்று அவற்றுக்குத் தெரியாது.

மணலின் சூட்டையும் சில குழுக்கள் அளக்கின்றன. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான இனங்களுக்கு 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டும் சமமாகப் பிறக்கும். அதற்கு மேல் போனால் பெண்கள் கூடும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளிலிருந்து வந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. அதைப் படித்த நாளிலிருந்து வெப்பமானிக் கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனம் வருவதே இல்லை.

உயிரினங்களை விட்டுக் கரையையே பார்ப்போம். கண்காணிப்பில் பலரும் தட்டிக்கழிக்கும் பகுதி மணலை அளப்பது. எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. 1961-இல் கே.ஓ. எமரி என்ற நிலவியலாளர் ஓர் எளிய முறையைச் சொன்னார். ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகள், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் குறித்தவை. இரண்டுக்கும் நடுவே மாறாத தூரத்துக்கு ஒரு கயிறு. ஒருவர் கரைப்பக்கமும் ஒருவர் கடல்பக்கமும் குச்சியை நேராகப் பிடிக்க வேண்டும். கரைப்பக்கம் நிற்பவர் கடல்பக்கக் குச்சியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை தலையைத் தாழ்த்த வேண்டும். அந்தக் கோடு தன் குச்சியில் எந்த எண்ணில் வெட்டுகிறதோ அத்தனை சென்டிமீட்டர் மணல் இறங்கியிருக்கிறது. எழுதிக்கொண்டு அடுத்த அடிக்கு நகர வேண்டும். நீர் விளிம்பு வரை இப்படியே போனால் கரையின் சரிவு முழுவதும் தாளில் வந்துவிடும். மின்கலம் வேண்டாம், கருவி வேண்டாம். தொடுவானமே மட்டக்கோல்.

சிட்னிக்குப் பக்கத்தில் நாரபீன் கடற்கரையில் 1976 முதல் மாதந்தோறும் இப்படி அளந்து வருகிறார்கள். ஆண்ட்ரூ ஷார்ட் என்ற ஆய்வாளர் தொடங்கியது. நெடுங்காலம் எமரி குச்சிகளை வைத்தே அளந்தார்கள், பின்னர்தான் ஜி.பி.எஸ். வந்தது. பல மாதங்களின் அளவுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் போன மாதத்திலிருந்து பெரிய மாற்றம் இல்லை என்றுதான் இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்தபோது கரை மெல்லச் சுழல்வது தெரிந்தது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா காலங்களில் அலை வரும் திசை மாற, மணல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. ஒரு பக்கம் தேய்கிறது, மறுபக்கம் வளர்கிறது, பிறகு திரும்புகிறது. இது தெரியாத ஊரில் தேயும் முனையைப் பார்த்து அவசரமாகக் கல் கொட்டிவிடுவார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுக் குறிப்பு இருந்தால், இது போய் வரும் மணலா, போயே போய்விட்ட மணலா என்று கேட்டுப் பார்க்க வழியுண்டு.

குச்சி பிடிக்க ஆளில்லையென்றால் படம் போதும். கோஸ்ட்ஸ்னாப் என்ற திட்டம் 2017-இல் அதே சிட்னியில் தொடங்கியது. கரையோரம் ஒரு தாங்கியை நிலையாகப் பொருத்திவிடுவார்கள். போகிற வருகிற யாரும் தங்கள் கைபேசியை அதில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பலாம். ஒரே கோணம் என்பதால் ஒவ்வொரு படத்திலிருந்தும் நீர் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடிகிறது. அழகான சூரிய உதயம் தேவையில்லை. மேகமூட்டமான சாதாரண நாளின் படம்தான் அதிகம் வேண்டும், ஏனென்றால் அழகான நாளில் எடுக்க ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் குப்பை. இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு, என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். துப்புரவும் கண்காணிப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கரையைச் சுத்தம் செய்வது நல்ல காரியம், நானும் போவேன். ஆனால் எண்ணாமல் அள்ளிய குப்பை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். 1986-இல் டெக்சாஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு இயக்கத்தின் பெருமையே, முதல் ஆண்டிலிருந்து அள்ளியதை அட்டையில் எழுதியதுதான். பல பத்தாண்டுகள் சிகரெட் துண்டுதான் முதலிடம். 2019-இல் திரட்டிய கணக்கில் முதல்முறையாக உணவுப் பொட்டல உறைகள் அதை முந்தின. ஆஸ்பார் முறையில் குறிப்பிட்ட 100 மீட்டரை ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு பொருளாக வகைபிரித்து எண்ணுகிறார்கள். பக்கத்து 100 மீட்டரில் குப்பை மலையாகக் கிடந்தாலும் அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். எண்ணி முடித்துவிட்டு அதைத் தனியாக அள்ளிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

சிறியதைப் பார்க்கவும் கண் பழக வேண்டும். 2021-இல் இலங்கைக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. சில மில்லிமீட்டர் அளவுள்ள, பிளாஸ்டிக் பொருள் செய்வதற்கான மூலமணிகள். கரையில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இத்தகைய மணிகள் உலகின் பல கரைகளில் விபத்து எதுவும் இல்லாமலே, ஏற்றி இறக்கும்போது சிந்திச் சிந்தி வந்துகொண்டிருக்கின்றன. அவை அலை ஏறிய கோட்டில் காய்ந்த பாசிக்கு அடியில் கிடக்கும். மண்டியிட்டுப் பாசியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பாசியைக் குப்பை என்று வாரிக் கொட்டுவதை மட்டும் என்னால் தாங்க முடிவதில்லை. அலை ஒதுக்கிய பாசிக்கு அடியில் மணல்தத்திகளும் சிறு பூச்சிகளும் வாழ்கின்றன. அவற்றைத் தின்னத்தான் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் அந்தக் கோட்டையே பிடித்து ஓடுகின்றன. இயந்திரம் வைத்து வாரிய கரையில் கோடே இருக்காது. உப்புக்கொத்தி மணலில் சும்மா ஒரு குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டை இடும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கூடு கட்டும் பருவத்தில் ஈரமணலிலேயே நடங்கள் என்று குழுக்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

உயிருள்ள விலங்கு ஒதுங்கினால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். டால்பினையோ திமிங்கிலத்தையோ கடலுக்குள் தள்ளாதீர்கள். நோய் வந்தோ காயம் பட்டோதான் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும், தள்ளினால் மீண்டும் ஒதுங்கும். உங்கள் பகுதியில் அதற்குப் பொறுப்பானவர்களின் எண்ணை முன்பே கைபேசியில் வைத்திருங்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும், தோலை ஈரமாக வையுங்கள், தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் பாருங்கள், கூட்டத்தை விலக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள். இதற்கு மேல் தெரியாதவர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இனி ஒரு மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். நான் பங்கெடுத்த ஒரு திட்டத்தில் எங்கள் படிவங்கள் போய்க்கொண்டே இருந்தன, திரும்பி எதுவும் வரவில்லை. எண்கள் எங்கே சேர்கின்றன, யார் பார்க்கிறார்கள், நாங்கள் தவறாக அடையாளம் கண்டதை யாராவது திருத்தினார்களா, எதுவும் தெரியாது. ஒவ்வொருவராக நடப்பதை நிறுத்தினார்கள். ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதச் சொல்கிறவர்கள் அந்த ‘ஒன்றும் இல்லை’ என்ன ஆனது என்று சொல்லியாக வேண்டும். வேறொரு குழுவில் ஆண்டுக்கொருமுறை எல்லாத் துண்டுகளின் எண்களையும் ஒரே வரைபடமாக்கிக் கொடுத்தார்கள். என்னுடைய பூஜ்யங்கள் தரையோடு தரையாக ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் துண்டின் கோடு ஒரு மாதத்தில் திடீரென்று எம்பியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த மாதம் எதுவோ அந்த முகத்துவாரத்தை ஒட்டி மட்டும் நடந்திருக்கிறது என்று புரிந்தது. அடுத்த நாளே நான் நடக்கப் போனேன். ஒரு தன்னார்வலரைத் தக்கவைக்கப் பரிசும் சான்றிதழும் வேண்டாம், அந்த வரைபடம் போதும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாக ஒரு முறையைக் கண்டுபிடிக்காதீர்கள், ஏற்கெனவே நடக்கும் ஏதாவது திட்டத்தின் படிவத்தை அப்படியே பயன்படுத்துங்கள். அப்போதுதான் உங்கள் எண் மற்றவர்களின் எண்ணோடு சேரும். நீளமான துண்டை எடுக்காதீர்கள். உடம்பு சரியில்லாத நாளிலும் நடந்து முடிக்கக்கூடிய தூரமே உங்கள் தூரம். ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், பாறை முனைகளைச் சுற்றிப் போனவர்கள் திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வதுண்டு. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் பாதுகாப்பில்லை என்றால் போகாதீர்கள். போகவில்லை என்று எழுதுங்கள். அங்கே பூஜ்யம் போடக் கூடாது.

ஊர் மாறிப் போகிறீர்கள், முட்டி வலிக்கிறது, வேலை கூடிவிட்டது என்றால் துண்டை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது குறைந்தது இரண்டு முறையாவது சேர்ந்து நடங்கள். எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறீர்கள், அந்தக் கல் மணலில் புதைந்த மாதங்களில் எதை வைத்து அடையாளம் கண்டீர்கள், நீரோட்டம் குப்பையை எந்த வளைவில் கொண்டுவந்து சேர்க்கிறது, எந்த இடத்தில் வெறுந்தடங்கள் அதிகம், எல்லாவற்றையும் வாயால் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் போகாமல் விட்ட மாதங்களின் பட்டியலையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.